பெயர் போடாத மெஸ்

இரும்புக் கடை மேசைமீது ரோசம்மா அக்கா அந்தத் தாளை விரித்து வைத்தார். எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. விரல்களில் மஞ்சள். முந்தானையில் கரி. உலையை இறக்கிவிட்டு நேராக ஏறி வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

“நீ எழுதினத நீயே வாசி தம்பி.”

மெல்ல வாசிக்க ஆரம்பித்தேன்.

“சத்தமா வாசி. கப்பல் ஜெட்டில அப்படித்தான வாசிச்ச.”

கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் வாசித்தேன்:

‘ஜெட்டிக்கு அருகில் உள்ள மெஸ் ஒன்றில் கெட்டுப்போன மீனைச் சமைத்துப் போட்டதால் தொழிலாளர் பலர் வாந்திபேதியால் அவதிப்படுவதாகச் சொல்லப்படுகிறது. காசுக்கு ஆசைப்பட்டுப் பிறர் உயிரோடு விளையாடுவோர் இனியாவது திருந்துவார்களா?’

“யார் மெஸ்ஸு?” என்றார் அக்கா.

“பேர் போடலையேக்கா.”

“போடல. செரி. போர்ட் பிளேர் ஜெட்டிப் பக்கம் மீன் கொழம்பு ஊத்துத தமிழ் மெஸ்ஸு எத்தன இருக்கு? எண்ணிச் சொல்லு, கேப்போம்.”

எண்ண என்ன இருக்கிறது? ஒன்றுதான்.

அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோபத்தில் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை. “மாசம் முடிஞ்சா பார்ஜ்ல மரம் ஏத்துத ஆளுக சோறு வேற எடத்துக்குப் போகுது. காண்ட்ராக்டர் சொல்லி அனுப்பிட்டாரு. அந்த ஆளுக இல்லன்னா அடுப்ப அணைக்க வேண்டியதுதான். அடுத்த கப்பல்ல நான் மெயின்லாண்டு போய் யார் வீட்டுல நிக்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினார்.

சென்ற வாரம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். சின்னப் பத்திரிகை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம். ‘ஆள் பெயரைச் சொல்லாமல் எழுதினால் மானநஷ்ட வழக்கு வராது என்கிறார்களே, உண்மையா ஐயா?’ என்று கேட்டிருக்கிறார். சட்டம் படித்தவன் அல்ல நான். பள்ளிக்கூடமே பாதியில் நின்றது. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் அக்காவைக் கூட்டி வந்திருக்கிறேன்.

கப்பல் சங்கு

மதுரைப் பக்கத்திலிருந்து நான் அந்தமான் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம். பகலில் அபர்தீன் பஜார் இரும்புக் கடையில் வேலை. தங்கல் மரைன் ஹில்லில், மழைக்கு ஒழுகுகிற தகரக் கூரைக்குக் கீழே. மற்ற நேரமெல்லாம் நான் ஆசிரியர்.

எனக்குப் பத்திரிகை ஒன்று இருந்தது. ‘கரைக்கடிதம்’ என்று பெயர். முன்னும் பின்னுமாக ஒரே தாள். மெழுகு ஸ்டென்சிலில் எழுத்தாணியால் நானே எழுதி, ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுப்பேன். அழுத்தி எழுதினால் மெழுகு கிழியும். மெல்ல எழுதினால் மை இறங்காது. என் கையெழுத்து நன்றாக ஆனது அங்கேதான்.

கரைக்கடிதத்துக்குக் கிழமை கிடையாது. கப்பல் வருகிற நாள்தான் அது வெளிவருகிற நாள். மதராஸ் கப்பல் இன்ன தேதி வரும் என்பார்கள். கடலுக்கு அது தெரியாது. சாத்தம் தீவுப் பக்கமிருந்து சங்கு கேட்டதும் ஊரே இறங்கி ஓடும். கடிதம் வாங்க, கருவாடு அனுப்ப, புதிதாக யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க. அந்தக் கூட்டத்தில்தான் என் தாளை விற்க வேண்டும். ஆக, சங்குச் சத்தம் கேட்டுவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் மை காய்ந்த தாளோடு நான் ஜெட்டியில் நிற்க வேண்டும்.

விற்பது மட்டுமல்ல. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு கவிழ்த்த பீப்பாய்மேல் ஏறி நின்று நானே வாசிப்பேன். வங்காளிக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் “க்யா போலா, க்யா போலா” என்று, என்ன சொன்னான் என்று, கேட்பார்கள். அவர்களுக்கு நம் தீவு ஹிந்தியில் சுருக்கிச் சொல்வேன். ஹேவ்லாக், ரங்கத் என்று மற்றத் தீவுக் கரைகளுக்குப் போகிற படகுக்காரர்கள் ஆளுக்குச் சில தாள் வாங்கி எண்ணெய்த் துணியில் சுருட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வரி எழுதினால் அது எத்தனை கரை தொடும் என்று அப்போது எனக்கே பெருமை.

அந்தப் பெருமைதான் கெடுத்தது.

அடியில் நாலு வரி

அன்றைக்குச் சங்கு கேட்டபோது ஸ்டென்சில் முடியவில்லை. அடியில் நாலு வரி இடம் காலி. காலியாக விட்டால் ஆசிரியருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்களே என்று ஒரு கூச்சம்.

அந்த நேரம் பார்த்து ஆறுமுகம் வந்து நின்றார். இராமநாதபுரத்துக்காரர். பார்ஜில், அதாவது தட்டைச் சரக்குப் படகில், மரம் ஏற்றுகிற கூட்டத்தில் ஒருவர். நல்ல மனிதர், ஆனால் அவர் வாய்க்குள் போன செய்தி உருவம் மாறாமல் வெளியே வந்தது கிடையாது.

“அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம கூட்டத்துல அஞ்சாறு பேரு நேத்து ராவுலருந்து வயித்தப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்காய்ங்க. மெஸ்ஸு மீனுதான்னு பேசிக்கிறாய்ங்க.”

“யார் பேசிக்கிறாங்க?”

“எல்லாருந்தான்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. நாலு வரிக்குச் சரியான அளவு. முதல் இரண்டு வரி ஆறுமுகம் சொன்னது. பின் இரண்டு வரி என் சொந்தச் சரக்கு. ‘உயிரோடு விளையாடுவோர் திருந்துவார்களா’ என்று முடித்தபோது, எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை நானே ரசித்துப் படித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெயர் போடாதது எங்கே கற்ற பாடம் என்றால், கப்பலில் வருகிற மதராஸ் வாரப் பத்திரிகைகளில். பழைய இதழ்கள் மொத்தமாகக் கட்டி வரும். அவற்றில் ‘ஒரு நகைக்கடை முதலாளி’, ‘ஒரு நாடகக்காரர்’ என்றே போட்டிருப்பார்கள். அடடா, இதுவல்லவா சாமர்த்தியம் என்று பிடித்துக்கொண்டேன்.

மதராஸில் நகைக்கடை முதலாளிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள். படிக்கிறவன் யாரென்று தேட வேண்டும். எங்கள் ஊரில் எல்லாமே ஒவ்வொன்று. தமிழ் தெரிந்த ஒரு தையல்காரர், ஒரு வெற்றிலைக் கடை, ஜெட்டியில் ஒரு மீன் மெஸ். பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க அங்கே இடம் கிடையாது. தீவில் பிழைக்கிறவன் மெயின்லாண்டு சட்டையை அளவு பார்க்காமல் மாட்டிக்கொண்ட கதை இது.

எழுதியவரிடமே கேட்கலாம் என்று

அக்கா வந்து போன மூன்றாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்து, கீழே மேனன் வக்கீலின் கையெழுத்து. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தாண்டுவதற்குள் வியர்த்துவிட்டது. ஒன்று புரிந்தது: பதினைந்து நாளுக்குள் மன்னிப்பும் மறுப்பும் போடாவிட்டால் கோர்ட்.

அப்போது ஊரில் வக்கீல்களை விரல்விட்டு எண்ணலாம். தமிழ் புரிந்தவர் மேனன் ஒருவர்தான். பாலக்காட்டுக்காரர். நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம்தானே எப்படிச் சாப்பிடுவது என்று கேட்போம். அப்படி ஒரு நினைப்பு.

மேனன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “எடோ சுப்பையா, ஞான் அந்த அம்மாவோட வக்கீல். நீ எதிர்க்கட்சி. நீ இங்க வரப் பாடில்ல, வரக் கூடாது.”

“வேற யார்கிட்ட சார் போவேன்?”

“அது செரியாணு” என்று கண்ணாடியைக் கீழே இறக்கினார். “உனக்கு யோசனை சொல்றது தப்பு. ஆனா சட்டம் ஒளிச்சு வெச்ச சாமானில்ல. புஸ்தகத்தில என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, ரோட்டில போற ஆளுக்கும் சொல்லலாம். சாயா குடி.”

அந்தச் சாயாவோடு நான் கற்றதை அப்படியே சொல்கிறேன்.

“பேர் போடல சார்” என்றேன் முதலில்.

“படிச்சவன் யாருன்னு புரிஞ்சுக்கிட்டானா? அவ்வளவே கேள்வி. உன் தாளைப் படிச்சிட்டு அந்த காண்ட்ராக்டர் வேற மெஸ்ஸுக்கா ஆள் அனுப்பிச் சோறு வேண்டாம்னான்?”

“‘சொல்லப்படுகிறது’ன்னுதான் போட்டேன். நானா சொன்னேன்னு போடலையே.”

“ஒருத்தன் எறிஞ்ச கல்லை நீ எடுத்து எறிஞ்சா, கல்லு உன்னோடதில்லன்னு விட்டுருவாங்களா? எழுதினவன் நீ. தாள் உன்னோடது.”

அன்றைய தண்டனைச் சட்டத்தில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று ஒரு பிரிவு. ஒருவருடைய நல்ல பெயரைக் கெடுக்கும் என்று தெரிந்தே ஒன்றைச் சொன்னாலோ எழுதினாலோ குற்றம். இது ஒரு வாசல். இழந்ததற்கு ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவது இன்னொரு வாசல். உண்மையை எழுதினால் தப்பிக்கலாம்தான். ஆனால் தண்டனைச் சட்டத்தின் வாசலில் உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் இருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் எழுதினேன் என்றும் சொல்லலாம். அங்கேதான் மேனன் என்னை நிறுத்தினார்.

“நல்லெண்ணம்னா மனசு நல்லதா இருக்கிறது இல்லடோ. ஜாக்கிரதையா விசாரிச்சியான்னு சட்டம் கேட்கும். விசாரிச்சியா?”

“ஆறுமுகம் சொன்னாரு.”

“அந்தம்மாகிட்ட கேட்டியா?”

மெஸ் என் தங்கலிலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரம். தினமும் மத்தியானம் அங்கேதான் சாப்பாடு.

மேனன் என் நாலு வரியைத் தமிழிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். “குழம்பில காரம் ஜாஸ்தின்னு எழுது, யாரும் உன்னக் கேட்கமாட்டா. அது உன் நாக்கோட அபிப்பிராயம். மீன் கெட்டதுன்னா, அது நடந்ததா இல்லையான்னு சாட்சி வேணும். ஆனா இது இருக்கே, காசுக்கு ஆசைப்பட்டுன்னு. அந்தம்மா மனசுக்குள்ள நீ எப்படோ போய்ப் பார்த்த?”

எத்தனையோ பேர் சொன்ன வார்த்தைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். அதில் இதைத்தான் அதிகம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நான் ரசித்துப் படித்த வரி அது.

அக்காவின் பட்டியல்

மறுநாள் மெஸ்ஸுக்குப் போனேன். நாலு பெஞ்சில் மூன்று காலி. சுவரில் மாதா படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு. அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன் பிடிக்கப் போன கணவர் திரும்பாமல் போனபிறகு இந்த அடுப்பை மூட்டியவர்.

“சாப்பிட வந்தியா, கேக்க வந்தியா?”

“கேக்க.”

“இப்பமாவது வந்தியே. உக்காரு.”

பரண்மேலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்தார். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. சங்கு ஊதிய நாளுக்கு முந்தின மத்தியானம் மெஸ்ஸில் யார் யார் சாப்பிட்டார்கள், நோயில் கிடந்தவர்கள் யார், அவர்கள் எங்கே வேலை செய்கிறவர்கள், பிறகு உடம்பு எப்படி. ஒவ்வொருவர் இருப்பிடத்துக்கும் நடந்துபோய் விசாரித்து எழுதியிருக்கிறார். முதல் வரி இப்படி இருந்தது:

‘பத்திரிகைத் தம்பி. ரெண்டு துண்டு. நல்லா இருக்கான்.’

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த மத்தியானம் அதே குழம்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மறுநாள் அதே மீனைக் கெட்டது என்று எழுதும்போது அது என் ஞாபகத்திலேயே இல்லை.

“ஜெட்டியில மூட்டை தூக்குதவன், கடைக்காரன், நீ, எல்லாவனும் நல்லாத்தான் இருக்கிய” என்று அக்கா விரலால் இறக்கிக்கொண்டே வந்தார். “கெடந்தவன் எல்லாம் பார்ஜ் ஆளுக. அதுலயும் பாரு, இந்தத் தெலுங்குக்காரரு. அவரு நம்ம மெஸ்ஸுக்கு வாறதே கெடையாது. வீட்டுச் சோறு. அவருக்குந்தான் வயித்தால போயிருக்கு.”

நான் செய்திருக்க வேண்டிய வேலை முழுவதையும் அக்கா செய்து முடித்திருந்தார். அடுப்பு வேலைக்கு நடுவில், நோட்டுப் புத்தகம்கூட இல்லாமல்.

“அப்ப பார்ஜ்லதான் ஏதோ” என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அங்க ஒரு தண்ணி டிரம் இருக்குக்கா. மூடியே கிடையாது. முன்னாடி அதுல என்னமோ கெமிக்கல் இருந்துச்சுன்னு ஆறுமுகம் சொன்னாரு. அதப் போட்டு ஒரு வாங்கு வாங்கிருவோம்.”

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“டிரம்ம நீ பாத்தியா?”

“இல்ல.”

“நானும் பாக்கல. ஆறுமுகம்தான மீனுன்னும் சொன்னான்.”

டிரம் காண்ட்ராக்டருடையது. அவருடைய ஆட்களுக்குச் சோறு போட்டுத்தான் மெஸ் நடக்கிறது. மறுப்பில் டிரம்மை எழுதினால் அக்காவின் பெயர் மீளும், பிழைப்பு போகும். எழுதாவிட்டால், அப்படியானால் வந்த நோய் எதனால் என்று ஜனங்கள் கேட்பார்கள். பயத்தால்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் கேட்டுவிட்டேன்.

“பயமும் இருக்கு. இல்லன்னு சொன்னா பொய்யி” என்றார் அக்கா. “ஆனா தம்பி, பாக்காததச் சொல்லி ஒருத்தர் எனக்குச் செஞ்சத நான் இன்னொருத்தருக்குச் செய்யணுமா? பாத்தத எழுது. அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்.”

ஒரு ‘இருந்தால்’

அன்று சாயங்காலமே மறுப்பை எழுதி எடுத்துப் போனேன். என் பாணியில் அழகாகத்தான் எழுதியிருந்தேன். ‘ஜெட்டி மெஸ் குறித்த நம் செய்தியால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் அதற்காகப் பெரிதும் வருந்துகிறோம்.’

அக்கா அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“திரும்ப வாசி.”

வாசித்தேன்.

“‘புண்பட்டிருந்தால்’னு என்ன சந்தேகம்? பட்டுருக்கு. பெஞ்சப் பாத்தா தெரியல்லா?”

எடுத்தேன்.

“‘வருந்துகிறோம்’னா யாரு? நீ ஒருத்தன்தான எழுதின. கூட யாரச் சேக்குத?”

‘வருந்துகிறேன்’ ஆயிற்று.

“என் பேரு எங்க?”

“பேர் போட்டா, தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிருமேக்கா. மேனன் சாரும் அத உங்ககிட்டக் கேட்டுக்கச் சொன்னாரு.”

“பேர மறைச்சுத்தான என்னக் கெடுத்த. நல்லதச் சொல்லும்போது எதுக்கு மறைக்க? போடு. ரோசம்மான்னு போடு.”

இப்படி வரி வரியாக அவரே திருத்தினார். என் எழுத்தை வாழ்நாளில் எத்தனையோ பேர் வெட்டியிருக்கிறார்கள். மீன் செதிள் ஒட்டிய கையோடு வெட்டியவர் அவர் ஒருவர்தான். கடைசியில் நின்றது இது:

‘சென்ற இதழில் ஜெட்டிக்கு அருகில் உள்ள மெஸ் என்று நான் எழுதியது ரோசம்மா அவர்களின் மெஸ்ஸை. யாரையும் விசாரிக்காமல் எழுதினேன். இப்போது விசாரித்தேன். அன்று அங்கே சாப்பிட்டு ஜெட்டியிலும் பஜாரிலும் வேலை செய்தவர்கள் யாருக்கும் நோய் வரவில்லை. அங்கே சாப்பிடாத ஒருவருக்கு வந்தது. நானும் அன்று அங்கே சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன். மீன் கெட்டது என்று நான் எழுதியது தவறு. காசாசை என்று எழுதியது அதைவிடப் பெரிய தவறு. இதற்காக ரோசம்மா அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சுப்பையா.’

மேனன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்துவிட்டு, “ஞான் எழுதினாலும் இவ்வளவு வராது” என்றார். மன்னிப்புக் கேட்டாலே குற்றம் சட்டப்படி அழிந்துவிடாது, வழக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அந்த அம்மா என்றும் எச்சரித்தார். அக்காவோ, “மொதல்ல ஜெட்டியில வாசிக்கட்டும். பொறவு பாப்போம்” என்றுதான் சொல்லியிருந்தார்.

பீப்பாய்மேல்

சங்கு கேட்டது. இந்தத் தடவை தாள் முந்தின நாளே தயார். மாசம் முடிய நாலு நாள் இருந்தது.

நான் பீப்பாயில் ஏறியபோது அக்கா கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலை. கொஞ்சம் தள்ளி, கப்பலில் வருகிற சாமானுக்காகக் காண்ட்ராக்டர் குடை பிடித்து நின்றார். அவரைப் பார்த்ததும் தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

தமிழில் வாசித்து முடித்தேன். கப்பல் கயிறு இழுபடுவது மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து “க்யா போலா?” என்றது ஒரு குரல்.

ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தேன். ஹிந்திக்கு வந்ததும் என் நாக்குக்குக் கொஞ்சம் சலுகை கிடைத்த மாதிரி இருந்தது. “தோடா கல்தி ஹோ கயா” என்று இழுத்தேன். கொஞ்சம் பிழை நேர்ந்துவிட்டது என்று.

“தோடா நஹி” என்றார் அக்கா கீழேயிருந்து. “புச்சா நஹி, சீதா லிக் தியா. அப்படிச் சொல்லு.” கேட்கவில்லை, நேராக எழுதிவிட்டான் என்று.

கூட்டம் சிரித்தது. நானும் அப்படியே சொன்னேன்.

ஹேவ்லாக்கிலிருந்து காய்கறி கொண்டுவந்த ஒருவர் என் பக்கத்தில் வந்து, “எனக்கு மொதச் செய்தியே தெரியாதே. மெஸ்ஸுல என்னதான் ஆச்சு?” என்று கேட்டார். பயந்தது நடந்துவிட்டது. மறுப்பு என்பது, கேள்விப்படாதவனையும் கூப்பிட்டுக் கேள்விப்பட வைக்கிற வேலை. அக்கா அவரிடம் திரும்பி, “ஒண்ணும் ஆகல. அந்த மெஸ்ஸு என்னுதுதான். சாமான எறக்கிட்டு வாங்க, இன்னிக்கு சூரை மீன் கொழம்பு” என்றார்.

அப்போது ஆறுமுகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அண்ணன் மட்டும் இல்லக்கா. மீனுன்னு மொதல்ல சொன்னது நாந்தான். எனக்கும் எவனோ சொன்னான். எவன்னு இப்ப யோசிச்சா ஞாபகம் வரல” என்றார். அவர் சொன்னதில் உருவம் மாறாத ஒரே செய்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

‘அங்கே சாப்பிடாத ஒருவருக்கு வந்தது’ என்ற வரி வந்தபோது காண்ட்ராக்டரின் குடை லேசாக அசைந்ததை மட்டும் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுதவில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. மெஸ் பெஞ்சுகள் பாதி காலியாகவே இருந்தன. அக்கா உலையில் அரிசியைக் குறைத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நான் சோற்றைப் பிசைந்தேன். சட்டம் என்னைத் தண்டித்திருந்தால்கூட அந்த அரிசி கூடியிருக்காது.

மாசக் கடைசி நாள் மத்தியானம் ஆறுமுகம் வந்தார். “முதலாளி கேட்டு வரச் சொன்னாருக்கா. நாளையிலருந்து எல்லாருக்கும் பழையபடி முடியுமான்னு. புது எடத்துக்குப் போக மாட்டோம்னு எங்க ஆளுகளும் சொல்லிப்புட்டாய்ங்க.”

அக்கா சட்டுவத்தைக் கீழே வைத்தார்.

“முடியும்னு சொல்லு. ஆனா ஒண்ணு. குடிக்கத் தண்ணியும் நாந்தான் குடுத்து விடுவேன். கொதிக்க வச்சு ரெண்டு குடம். சாப்பிட்டுப் போகும்போது கம்புல கோத்துத் தூக்கிட்டுப் போங்க. அத ஒத்துக்கிடுவாரான்னு கேட்டுட்டு வா.”

ஆறுமுகம் போய்விட்டு உடனே திரும்பினார்.

“சரின்னுட்டாரு.”

“ஏன்னு கேட்டாரா?”

“கேக்கலக்கா.”

“அப்ப நாமளும் சொல்ல வேண்டாம்” என்றார் அக்கா. அன்று சாயங்காலம் மேனனிடம் போய், கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் நாலு பெஞ்சும் போதவில்லை. வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். போகும்போது ஆறுமுகமும் அந்தத் தெலுங்குக்காரரும் கம்பைத் தோளில் வைத்தார்கள். குடத்தின் வாயில் கட்டியிருந்த துணி வழியே ஆவி வந்துகொண்டிருந்தது.

“இந்த வெயில்ல வெந்நியாக்கா?” என்றார் ஆறுமுகம்.

“தூக்கு” என்றார் அக்கா. “போய்ச் சேருததுக்குள்ள ஆறிரும்.”